மாசிக்காய் மையின் வரலாறு

நம் இல்லங்களிற் குழந்தைகட்கு உரைத்து ஊட்டும் மருந்துப் பொருள்களுள் மாசிக்காய் என்பது ஒன்று. சாதிக்காய், கடுக்காய், வசம்பு முதலியவற்றோடு அதனையும் கல்லில் இழைத்துக் கொடுத்தல் தாய்மார் பலரும் அறிந்ததே. காய் என்று பெயர் பெற்றமையால் அதனை ஒரு மரத்தின் காயென்றே பலரும் கருதுவர். உண்மையில் அது காயுமன்று, கனியுமன்று. ஒரு சிறு குளவியின் புழு வாழும் வீடேயாம். அவ்வீடு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகட்குக் குறையாமல் மேனாட்டார் எழுத்துக்கு மை அளித்து வந்த வரலாற்றையும், அம்மையால் எழுதியவற்றுக்குப் பின்னர் நேர்ந்த இடரையும், நம் வீடுகளிலுள்ள பழம் பத்திரங்களைப் பற்றி அதனால் நாம் அறியத்தக்கதையும் ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

உயிர்ப்பொருள்களினின்று மை பெறும் வழிகள் பலவாகும். கடலில் வாழும் கணவாய், பகை நேர்ந்துழி ஒரு கரிய நீரை உமிழ்ந்து தன்னை மறைத்துக்கொள்ளும். அந்நீர்ப் பையை உலர்த்திப் பெற்ற மையை மேனாட்டு ஓவியர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டுப் பெரிதும் கையாண்டனர். அதன் பழுப்பு நிறத்துக்கு வழங்கும் செப்பியா என்னும் பெயர், கணவாய்க்குரிய கிரேக்கப் பெயரேயாம். இங்கிலாந்தில் லைம் ரீஜிஸ் கடற்கரையில் மேரி ஆனிங் என்னும் அம்மையார், கணவாய்க்கு உறவான பழைய உயிர்களின் கற்படிவங்களில் மைப்பை உறைந்திருத்தலைக் கண்டார். 18 கோடி ஆண்டுகட்கு மேற்பட்ட அம்மையை நீரிற் கரைத்து, அவருடைய தோழியார் எலிசபெத் பில்பட் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் படம் வரைந்தனர் எனின் வியப்பன்றோ! முதிர்ந்த பின் தானே கரைந்து கரிய நீராய் ஒழுகும் காளான் வகையும் ஒன்று உண்டு. ஆயினும் அரசர் ஆணையும், வணிகர் கணக்கும், அறிஞர் நூலும் எழுதுதற்கு மேனாட்டில் நெடுங்காலம் நின்று பயன்பட்டது மாசிக்காய் மையே என்க.

அஃது உண்டாகுமாறு காண்போம். ஆசியா மைனர், சிரியா, பாரசீகம் ஆகிய நாடுகளில் ஓக் இனத்து மரம் ஒன்று புதர்போல் வளர்கின்றது. பெண்குளவி அதன் இளமொட்டிற் புகுத்தி முட்டையிடும். அதினின்று தோன்றும் புழுவின் தூண்டுதலால் மரத்தின் தசை அவ்விடத்தே பருத்துத் திரண்டு புழுவைச் சூழ்ந்துகொள்ளும். புழுவுக்கு உணவும் உறையுளும் அதுவே. புழு குளவியாய் மாறிய பின் ஒரு துளையிட்டு வெளியேறும். குளவி வெளியேறுமுன் பறித்த துளையில்லாக் காய் கருமை கலந்த நிறமும் கனமும் உடையது, அதுவே மேலானது. துளைபட்டு வெளிறியது தாழ்ந்தது. நல்ல காயின் நிறையிற் பாதிக்கு மேற்பட்டது துவர்ப்புச் சத்தே. சிரியாவின் அலெப்போ நகர் இவ்வாணிகத்துக்குப் பெயர் பெற்றமையின், மேனாட்டார் இதனை அலெப்போக் காய் என்றும் வழங்கினர்.

இக்காயை நொறுக்கி நீரில் ஊறவைத்து, வடித்த சாற்றில் அன்னபேதியையும் வேலம் பிசினையும் கூட்டினால் மை உண்டாகும். அன்னபேதியாவது இரும்பும் கந்தகத் திராவகமும் கூடிய உப்பு. காயின் துவர்ப்பும் உப்பின் இரும்பும் கலந்த நீர் எழுதும்பொழுது வெளிறித் தோன்றும். தாளினுட் புகுந்து காற்றுப்பட்ட பின்னரே அது நீரிற் கரையாத கருமையாக மாறும். விளக்குப்புகைக் கரியாற் செய்த பழைய மையோ தாளின் மேற்புறத்தே தங்குவது. ஈரத்துணியால் துடைத்தழிக்கவும் கூடும். எழுதியதைப் பிறர் மாற்றலாகாது என்று கருதிய நீதிமன்றத்தாரும் பத்திரம் எழுதுவோரும் மாசிக்காய் மையை விரும்பியது இதுபற்றியே.

இதன் பழமை பெரிது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டினராகிய பைசாந்தியத்துப் பைலோ என்பார், மாசிக்காய் நீரால் மறைவாக எழுதிப் பின்னர் உலோக உப்பு நீரைத் தடவி எழுத்தை வெளிப்படுத்தும் முறையைக் குறித்தனர். கி.பி. 79-இல் இறந்த உரோமப் பேரறிஞர் பிளினி, மாசிக்காய் நீரில் தோய்த்த தாளைக் கொண்டு அன்னபேதிக் கலப்பைக் கண்டறியும் வழியைக் கூறினர். கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் தோலேட்டில் எழுதப்பெற்ற சினாய் விவிலியப் பிரதி இரும்பு மையால் ஆயதே. அதன் பின்னர் இம்மை ஐரோப்பா முழுவதும் பரவியது. 1776-இல் கையொப்பமான அமெரிக்க விடுதலைச் சாசனமும் இதனாலேயே எழுதப்பட்டது.

நிற்க. தாளிற் பற்றி அழியாது நிற்கும் அவ்வியல்பே பின்னர்த் தீங்காகவும் முடிந்தது. மை செய்வோர் பலர் அன்னபேதியை அளவுக்கு மிஞ்சிச் சேர்த்தனர். துவர்ப்போடு கூடாது எஞ்சிய இரும்பும், உடன் உண்டாகிய கந்தகத் திராவகமும் தாளின் நாரைச் சிறிது சிறிதாக அரித்தன. முதலில் எழுத்தைச் சூழ்ந்து பழுப்பு நிறம் படரும். பின்னர்த் தாள் வெடிக்கும். முடிவில் எழுத்து இருந்த இடம் உதிர்ந்து துளையாகும். வில்லியம் லூயிஸ் என்னும் ஆங்கில இரசாயன அறிஞர் 1763-இல் வெளியிட்ட நூலில், அன்னபேதி ஒரு பங்குக்கு மாசிக்காய் மூன்று பங்கு வேண்டும் என்று ஆய்ந்து கூறினர். அதற்குள் எழுதப்பட்டவை எண்ணிறந்தன.

இவ்விடரை ஆராய்தற்கு 1898-இல் சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் நகரில் நூல்நிலையத்தார் கூடினர். வாத்திக்கான் நூல்நிலையத் தலைவர் பிரான்ஸ் ஏர்லே அக்கூட்டத்தைக் கூட்டியவர். ஜெர்மானிய இசைப்புலவர் பாஹ் தம் கையால் எழுதிய இசையேடுகள் பெர்லின் அரசு நூல்நிலையத்தில் உள்ளன. அவற்றின் தாள் அரிக்கப்பட்டமையால், 2000-ஆம் ஆண்டையொட்டித் தாளை இரு பிளவாகப் பிரித்து, நடுவே மெல்லிய தாளொன்றை வைத்து ஒட்டிக் காத்தனர். நெதர்லாந்து அறிஞர் 1990-ஐ அடுத்த ஆண்டுகளில் வேறொரு வழி கண்டனர். தானியத் தவிட்டிலும் வித்துக்களிலும் இயல்பாக உள்ள ஓர் அமிலத்தின் உப்பினால், எஞ்சிய இரும்பைக் கட்டி அடக்குவதே அவ்வழி. பூச்சி தந்த மையின் தீங்கை நெல் கோதுமைகளிலும் உள்ள பொருளே தணிக்கின்றது.

1856-இல் பெர்க்கின் என்பார் செயற்கைச் சாயம் கண்டபின் மாசிக்காய் மையின் ஆட்சி மெல்லக் குறைந்தது. பின்னர் வந்த குமிழ்முனைப் பேனா எஞ்சியதையும் பெரும்பாலும் அகற்றிற்று.

இனி நம் நாட்டு நிலையைக் காண்போம். ஓலையில் எழுத்தாணியால் கீறி விளக்குக் கரியைத் தடவிய நம் முன்னோர் எழுத்து, ஓலையை அரிப்பதன்று. காகிதம் வந்தபின் கடுக்காயும் அன்னபேதியும் கூட்டி மை செய்யும் வழக்கமும் நம்மிடையே இருந்தது. துவர்ப்பு வேறாயினும் இரும்பு ஒன்றே. ஆகவே மாசிக்காய் மைக்கு உரிய நன்மையும் தீமையும் இதற்கும் உரியவாம். பிற்காலத்து வந்த நீலக்கறுப்பு மைகளிற் பலவும் இவ்வினத்தனவே.

நம் சங்கத்தார் இல்லங்கள் பலவற்றில் பாட்டனார் காலத்துக் கிரயச் சீட்டும், பாகப் பத்திரமும், கணக்கேடும் பெட்டியில் உறங்குகின்றன. அன்பர்காள்! அவற்றை எடுத்துப் பாருங்கள். எழுத்து பழுப்பாகி, தாளின் மறுபுறத்தும் கறை தோன்றுமாயின் அது இரும்பு மை என்று ஐயுறுக. அதனை நனைத்தலாகாது, நனைந்தால் அரிக்கும் இரும்பு பிற இடங்கட்கும் பரவும். மடித்து வைத்தலும் ஆகாது. மடிப்பில் எழுத்துள்ள இடமே முதலில் உடையும். ஒட்டுத்தாளும் பிளாஸ்டிக் உறையேற்றலும் கூடா. ஈரமில்லாத இடத்தில் அமிலமற்ற தாளினிடையே விரித்து வைத்து, இரு புறமும் தெளிவாக ஒளிப்படம் எடுத்து, வாசகத்தையும் பெயர்த்தெழுதி வைத்தல் கடன். உதிரத் தொடங்கியவற்றை ஆவணக் காப்பகத்தாரிடம் காட்டி அவர் சொற்படி நடத்தலே தக்கது.

பாஹ் எழுதிய ஏட்டுக்கு ஒரு பேரரசின் நூல்நிலையம் காவலாய் இருந்தது. நம் பாட்டனார் எழுதிய ஏட்டுக்கு நம்மையன்றிக் காவலர் இலர். ஊர்ப்பெயரும், நில எல்லையும், குடிவழியும் அவ்வேடுகளிலேயே உள்ளன; அவை உதிர்ந்தபின் எவரைக் கேட்டும் பெறுதல் அரிது. ஆதலின், அடுத்த மழைக்காலம் வருமுன் ஒவ்வொரு வீட்டாரும் தம் பெட்டியை ஒருமுறை திறந்து பார்ப்பாராக.