செல்ஃப்: ஆப்ஜெக்டுக்குள் இருந்த ரகசியம்

பைத்தானில் ஒரு ஆப்ஜெக்டை உருவாக்கிய பிறகும் பெயர், வயது, ஊர் என்று புதிது புதிதாக விவரங்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம். சி பிளஸ் பிளஸ்ஸில் இந்தச் சலுகை கிடையாது. என்னென்ன விவரம் இருக்கும் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

சலுகை சும்மா வருமா? 1991-ல் வெளிவந்த பைத்தான், ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் தனியாக ஒரு டிக்‌ஷனரி கொடுத்தது. காமர்ஸ்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பேரேட்டில் தலைப்புகள் மேலே ஒருமுறைதான் இருக்கும், கீழே எண்கள் மட்டும் வரும். பைத்தானோ வரிக்கு ஒரு பேரேடு திறந்து, ஒவ்வொன்றிலும் தலைப்புகளைத் திரும்ப எழுதியது. லட்சம் வாடிக்கையாளர் என்றால் லட்சம் பேரேடு!

வேடிக்கை என்னவென்றால், இதற்கு விடை ஏற்கெனவே இருந்தது. 1986-ல் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் டேவிட் உங்கரும் ராண்டல் ஸ்மித்தும் செல்ஃப் என்ற மொழியை வடிவமைத்தார்கள். அதில் கிளாஸ் என்பதே இல்லை. இருக்கிற ஆப்ஜெக்டை நகலெடுத்துத்தான் புதியது பிறக்கும். கிளாஸ் இருந்தாலாவது தலைப்புகளை அங்கே வைக்கலாம். இல்லாதபோது எங்கே வைப்பது?

ஸ்டான்ஃபோர்டிலிருந்து கிரெய்க் சேம்பர்ஸ், உங்கர், எல்கின் லீ மூவரும் 1989-ல் வழி சொன்னார்கள். ஒரே மாதிரியான ஆப்ஜெக்டுகளுக்கெல்லாம் பொதுவாக, திரைமறைவில் ஒரு 'மேப்'. எந்த விவரம் எத்தனையாவது இடத்தில் என்பது மேப்பில் இருக்கும். மதிப்புகள் மட்டும் ஆப்ஜெக்டில். புதிய விவரம் சேர்ந்தால் ஆப்ஜெக்ட் வேறு மேப்புக்கு மாறிவிடும். புரோகிராம் எழுதுபவருக்கு இது எதுவும் தெரியவே தெரியாது (அதுதான் இதில் அழகு). இடம் மிச்சம் ஆனதோடு வேகமும் கூடியது. மேப் அதேதானா என்று ஒருமுறை சரிபார்த்தால் போதும், பெயரைத் தேடாமல் நேரே அந்த இடத்துக்குப் போய்விடலாம்.

1991-ல் சன் நிறுவனம் இந்தக் குழுவை எடுத்துக்கொண்டது; 1995-ல் திட்டத்தையே நிறுத்திவிட்டது. அதே 1995-ல்தான் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். கிளாஸ் இல்லாத முறையைச் செல்ஃபிடமிருந்து எடுத்துக்கொண்டார். செல்ஃபின் வேகம் மட்டும் கூட வரவில்லை.

அது வர 13 வருடம் ஆயிற்று. செல்ஃப் குழுவில் வேலை பார்த்த லார்ஸ் பாக், டென்மார்க்கில் உட்கார்ந்து கூகுளுக்காக வி8 இன்ஜினை உருவாக்கினார். 2008 செப்டம்பரில் குரோமோடு அது வெளியானது. உள்ளே அதே பழைய மேப், 'ஹிட்டன் கிளாஸ்' என்ற புதுப் பெயரில்.

பைத்தானுக்கு இன்னும் தாமதம். மார்க் ஷானனின் யோசனைப்படி 2012-ல், 3.3 பதிப்பில்தான் ஒரே கிளாஸைச் சேர்ந்த ஆப்ஜெக்டுகள் தலைப்புகளைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கின. அப்போதும் பேரேடு தனித்தனிதான். 2022-ல் வந்த 3.11-லிருந்து, யாராவது கேட்டால்தான் அந்த டிக்‌ஷனரியே உருவாகிறது.