கேட்ட குரலும் பார்த்த முகமும்

வடுகபட்டிப் பூண்டு மண்டியில் வானொலிச் செய்தி வேலையைக் கெடுக்காது. கை பூண்டைத் தரம் பிரிக்கும், காது செய்தியைக் கேட்கும். தொலைக்காட்சியோ கண்ணையும் கேட்கும். சரோஜ் நாராயணஸ்வாமியையும் பாத்திமா பாபுவையும் அருகருகே வைத்துப் பார்க்க இந்த வேறுபாடே நல்ல தொடக்கம். முன்னவர் சுமார் 35 ஆண்டுகள் தில்லி வானொலியில் முகம் காட்டாமலே செய்தி வாசித்தார். பின்னவரைத் தூர்தர்ஷனும் ஜெயா டிவியும் தமிழ் வீடுகளுக்குப் பழகிய முகமாக்கின.

முகம் தெரிந்தவருக்கே செய்தியின் மீது பிடி அதிகம் என்று தோன்றும். உண்மை பெரும்பாலும் நேர்மாறு. தில்லி வானொலியின் தமிழ்ப் பிரிவில் அன்று வாசித்தவர் மொழிபெயர்ப்பாளரும்கூட. ஆங்கிலத்தில் வந்த அறிக்கைக்கு எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்று முடிவு செய்ததில் அவருக்கும் பங்குண்டு. சென்னைத் தூர்தர்ஷனிலோ, வாசிப்பாளர் பலர் நிரந்தர ஊழியர் அல்லர். அழைத்த நாளில் வந்து, செய்திப் பிரிவு எழுதித் தந்ததை வாசித்துவிட்டுப் போனார்கள். மறைந்திருந்தவர் வாக்கியத்தை ஆக்கினார். தெரிந்தவர் அதைச் சுமந்தார்.

ஆனால் இருவரும் எதிர்பாராமல் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. 1975-77 நெருக்கடி நிலையில் வானொலி அரசின் ஊதுகுழல். ஜெயா டிவி ஒரு கட்சியின் குரல். குரலில் சாய்வில்லை, வாசகத்தில் இருந்தது. குரலின் அந்த நிதானத்தை வாசகத்துக்கு இரவல் கொடுப்பதே இருவரின் தொழிலும். பேச்சில் ஏற்ற இறக்கம் கூடிவிட்ட இன்றைய விவாத மேடைகளைக் காணும்போது, அந்த இரவல் நிதானமும் ஒரு கலைதான் என்றே எனக்குப் படுகிறது.

பெயரிலும் ஓர் ஒற்றுமை. நாராயணஸ்வாமி, பாபு: இரண்டும் கணவர் பெயர்கள். செய்தியறிக்கைகளில் அவை ஒலித்தன. அதற்கு மேல் குடும்பச் செய்தி எதுவும் அவற்றில் வரவில்லை. சரோஜ் விஷயத்தில் அந்த ஒதுக்கம் கடைசிவரை நீடித்தது. கலைமாமணி விருது பெற்றவர்தான். ஆயினும், 2022 ஆகஸ்ட் 13-இல் மும்பையில் 87 வயதில் அவர் மறைந்தபோதுதான் பலர் அவருடைய படத்தை முதன்முதலாகப் பார்த்திருப்பார்கள்.

பாத்திமாவுக்கு முகம் வேறு கதவுகளைத் திறந்தது. 1996-இல் பாலசந்தரின் 'கல்கி' படம், பிறகு தொடர்கள், மேடை, அரசியல். 2017-இல் அ.தி.மு.க. பிளவுபட்டபோது அவர் ஓ. பன்னீர்செல்வம் பக்கம் நின்றார். பன்னீர்செல்வத்தின் பெரியகுளம் வடுகபட்டிக்குக் கூப்பிடு தூரம். தொலைக்காட்சி வழியே வந்த முகம் இந்த ஊரின் அரசியலுக்கே பக்கம் வந்துவிட்டது. வாசித்த காலத்தில் பக்கம் சேராதவராகத் தோன்றியதே பிறகு ஒரு பக்கம் சேர்ந்ததைச் செய்தியாக்கியது என்பது இதன் நயம். பக்கம் சேராதவர் என்ற அந்த மதிப்பு சரோஜின் குரலுக்கும் குறையாமல் இருந்தது. அவர் அதை அரசியலில் செலவழிக்கவில்லை.

2019-இல் பாத்திமா பிக் பாஸ் மூன்றாம் பருவத்தில் நுழைந்தார். அங்கே இரவும் பகலும் கேமரா உண்டு, எழுதித் தரும் வாசகம் கிடையாது. போட்டியாளர்களில் முதலில் வெளியேற்றப்பட்டவர் அவரே.