புயலைத் துரத்தியோரும் ஏட்டில் பிடித்தவரும்



சுபாங் ஜெயாவில் பிற்பகல் இடிமழை யாருக்கும் புதிதன்று. இடி முழங்கினால் திடலில் நிற்கும் மாணவர்களை உள்ளே அழைத்து வருவது எங்கள் வழக்கம். இடியை நோக்கி வண்டி ஓட்டுவதையே வீரமாகக் காட்டியது ஓர் அமெரிக்க ரியாலிட்டி தொடர். டிஸ்கவரி அலைவரிசையில் 2007 முதல் 2011 வரை ஒளியேறிய ‘ஸ்டார்ம் சேசர்ஸ்’ அது. கவச வண்டி, அலறும் குரல்கள், ஒரு குழுவை மற்றொரு குழு முந்தும் போட்டி என்று விறுவிறுப்புக்குக் குறைவில்லை. அதைப் பார்ப்பவருக்கு, புயலைப் பற்றிய அறிவு துணிச்சலால் மட்டுமே கிடைத்தது என்று தோன்றிவிடும். வரலாறு வேறு விதமாக உள்ளது.

அமெரிக்காவில் இவ்வழக்கத்தின் முன்னோடி டேவிட் ஹோட்லி. 1956-இல் வட டக்கோட்டாவில் புயல்களைத் தேடிச் செல்லத் தொடங்கியவர், 1977-இல் அதற்கென்றே ஒரு செய்தி மடலையும் நிறுவினார். இத்துறையில் நூற்றுக்கணக்கான மைல்கள் ஓடிவிட்டு, நீல வானத்தைப் பார்த்துத் திரும்பும் நாள்களே மிகுதி. அந்த நாள்களைத் தொலைக்காட்சி வெட்டி எறிந்துவிடுகிறது. வெறும் வானத்தை விளம்பர இடைவேளை வரை யார் பார்ப்பார்?

அத்தொடரின் பிற்பகுதியில் தோன்றிய டிம் சமாராஸ் உண்மையில் ஒரு பொறியாளர். 24.6.2003 அன்று தென் டக்கோட்டாவின் மான்செஸ்டர் என்னும் சிற்றூரருகே, சுழற்காற்று வரும் பாதையில் தாம் வடிவமைத்த கருவியை வைத்துவிட்டு விலகிச் சென்றார். சுழல் கடந்தபோது காற்றழுத்தம் 100 மில்லிபார் வீழ்ந்ததைக் கருவி பதிவு செய்தது. கருவியை வைப்பதும் விலகுவதும்தான் அவருடைய கலை. மிகுந்த எச்சரிக்கையுடையவர் என்று பெயரெடுத்த அவரே, 31.5.2013 அன்று ஒக்லஹோமாவின் எல் ரெனோ அருகே, தம் மகன் பாலுடனும் தோழர் கார்ல் யங்குடனும் சுழற்காற்றில் சிக்கி மாண்டார். அச்சுழலின் அகலம் நான்கு கிலோமீட்டருக்கும் மேல்!

இவர்களுக்கு நூறாண்டுக்கும் முன்பே, வங்கக் கடற்புயல்களை நாற்காலியில் அமர்ந்தபடியே பின்தொடர்ந்த ஒருவர் இருந்தார். கல்கத்தாவில் வாழ்ந்த முன்னாள் கப்பல் தலைவர் ஹென்றி பிடிங்டன். புயலில் சிக்கி மீண்ட கப்பல்களின் நாட்குறிப்பேடுகளை அவர் திரட்டினார். எந்த நேரத்தில், எந்த இடத்தில், காற்று எத்திசையிலிருந்து வீசியது என்று வரைபடத்தில் குறித்தபோது, புயலின் வட்டம் தெளிவாகத் தெரிந்தது.

அவர் ஆராய்ந்தவற்றுள் ‘சார்ல்ஸ் ஹெடில்’ என்னும் பாய்மரக் கப்பலின் ஏடு வியப்புக்குரியது. 1845-இல் மொரீசியசுக்கு அருகே அக்கப்பல் புயலின் மையத்தைச் சுற்றிச் சுற்றி நாள்கணக்கில் ஓடியது. மாலுமிகள் புயலைத் துரத்தவில்லை. புயல்தான் அவர்களை இழுத்துச் சென்றது. ஆயினும் குறிப்பு எழுதுவதை நிறுத்தவில்லை. (வீட்டுப்பாடம் எழுத மழையைக் காரணம் சொல்லும் மாணவர்களுக்கு இதை அடிக்கடி சொல்வதுண்டு.)

‘சைக்ளோன்’ என்னும் சொல்லைப் படைத்தவரும் பிடிங்டனே. பாம்பின் சுருளையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதனை ஆக்கி, 1848-இல் மாலுமிகளுக்காக எழுதிய நூலில் வழங்கினார். நம் ‘புயல்’ பழைய இலக்கியத்தில் மேகத்தையும் மழையையும் குறித்த சொல். அழிவுப் பொருள் பின்னர் ஏறியது.

கல்கத்தாவுக்கு அருகே மாத்லா ஆற்றில் புதுத் துறைமுகம் அமைக்கத் திட்டமிட்டபோது, புயலலை அதனை மூழ்கடிக்கும் என்று 1853-இல் டல்ஹௌசி பிரபுவுக்கு அவர் எழுதினார். யாரும் செவிசாய்க்கவில்லை. கேனிங் துறைமுகம் எழுந்தது. பிடிங்டன் 1858-இல் மறைந்தார். 1867-இல் வந்த புயல் துறைமுகத்தைச் சிதைத்தது.

நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் நாட்டுக்கு இக்கதை எதற்கு என்று கேட்பீர்கள். பூமியின் சுழற்சி விசை இங்கு மிகக் குறைவாதலால் சூறாவளி உருவாகாது என்றே பாடநூல்கள் கூறிவந்தன. 27.12.2001 அன்று, வடக்கே ஏறத்தாழ 1.5 பாகையில் ‘வாமெய்’ உருவாகி ஜொகூரின் தென்கிழக்குக் கரையைக் கடந்தது. அதனைத் துரத்திச் சென்ற படப்பிடிப்புக் குழு எதுவுமில்லை. தென்சீனக் கடலில் அதற்குள் அகப்பட்ட அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் பதிந்த காற்றின் வேகத்தைக் கொண்டே அதனைச் சூறாவளி என்று வகைப்படுத்தினார்கள்.