அப்பா வைத்த தொட்டி, மகன் சொன்ன விடை



அம்பத்தூரிலிருந்து கொளத்தூர் வரை போய்ப் பேரன் தங்கமீன் வாங்கி வந்திருக்கிறான். "தண்ணி தெளிவாத்தானே இருக்கு, ஏன் பாட்டி மாத்தணும்?" என்றான். இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரமே உண்டு.

1849-இல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் தங்கமீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் விட்டார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்தது. செடி தந்த பிராணவாயுவை மீன் சுவாசித்தது. அழுகிய இலையை நத்தை தின்றது. தண்ணீரை மாற்றாமலே மீன்கள் பிழைத்தன. 1853-இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன் இல்லம் திறந்தார்கள். 1909-இல் நம் மெரினாவிலும் ஒரு மீன் காட்சியகம் வந்தது. வீட்டில் மீன் வளர்த்தவர்களோ 'பழைய தண்ணீரே நல்ல தண்ணீர்' என்று வெகுகாலம் நம்பினார்கள்.

அவர் மகன் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். வேளாண் வேதியியலாளர். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன என்று காட்டினார். மீன் தொட்டியிலும் இதேதான் நடக்கிறது. மீன் கழிவின் அம்மோனியா கடைசியில் நைட்ரேட்டாகி நின்றுவிடும். அதற்கு நிறமில்லை. செடி கொஞ்சம் எடுக்கும், மீதியை நாம்தான் முகந்து கொட்ட வேண்டும்.

இதைப் படித்தும் நான் தவறினேன். 2019 கோடையில் செம்பரம்பாக்கம், செங்குன்றம், பூண்டி, சோழவரம் எல்லாம் வறண்டன. குடத்துக்கே லாரியை எதிர்பார்த்த நாளில் மீனுக்கு ஏது தண்ணீர்? மாதக்கணக்கில் மாற்றவில்லை. மழை வந்ததும் மனம் கேட்காமல் ஒரே நாளில் முழுத் தொட்டியையும் மாற்றினேன். மறுநாள் காலை ஐந்து மீன்களும் மிதந்தன. பழைய தண்ணீருக்குப் பழகிய உடம்பு, திடீர் மாற்றத்தைத் தாங்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 80 மில்லிகிராம் நைட்ரேட் இருந்தால், நல்ல தண்ணீரால் கால் பங்கு மாற்றினால் 60, அடுத்த முறை 45. வாரம் கால் பங்கு போதும். இடையில் கழிவு சேரும், அதனால் விடாமல் செய்ய வேண்டும்.

கொட்டும் தண்ணீர் வீண் இல்லை. நைட்ரேட் செடிக்கு உரம். எங்கள் கறிவேப்பிலை அதில்தான் தழைக்கிறது. இப்போது சனிக்கிழமைதோறும் பேரனே வாளியோடு நிற்கிறான்.

அன்புடன்,
உங்கள் பழைய டீச்சர்