குரோம்பேட்டை: கல்லூரி வாசலுக்கு வெளியே ஒரு சரித்திரம்

மலருக்குக் கட்டுரை கேட்டபோது ஹாஸ்டல் மெஸ், எலெக்டிவ் பேப்பர், ஆண்டு விழா என்று எழுதலாம் என்றுதான் நினைத்தேன். அவற்றை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாம் நான்கு வருஷம் தங்கிப் படித்த ஊரைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை. சென்ற முறை கல்லூரிக்கு வந்தபோது முதலாண்டு மாணவர் ஒருவர், "அண்ணா, இந்த ஊருக்கு ஏன் குரோம்பேட்டைன்னு பேரு?" என்று கேட்டார். அவருக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதில் இது.

பல்லாவரத்தின் பழமை நமக்குத் தெரிந்ததைவிட ரொம்ப அதிகம். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்கிற புவியியலாளர் பல்லாவரத்தில் செம்புரான் சரளை தோண்டிய குழி ஒன்றில் ஒரு கல் கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு தொடங்கியதே அந்தக் கல்லில்தான். 1893-ல் ஹாலந்து என்பவர் இந்தப் பக்கத்துக் கருங்கல் வகைக்கு 'சார்னோக்கைட்' என்று பெயர் வைத்தார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் இந்த வகை என்பதால் வந்த பெயர் அது. ஆக, கற்கால மனிதனுக்கு ஆயுதமும் கம்பெனி அதிகாரிக்குக் கல்லறையும் கொடுத்த கல்பூமி இது. கல்பூமி என்பதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தண்ணீர்க் கணக்குப் போடும்போது தேவைப்படும்.

ஊர்ப் பெயருக்குக் காரணம் ஒரு இன்ஜினியரிங் பேராசிரியர். சென்னையில் பொறியியல் கற்பிக்க வந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன்தான் அந்த மனிதர். வகுப்போடு நிற்காமல் அலுமினியப் பாத்திரத் தொழிலைக் கொண்டுவந்தார். அதன்பின் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோம் முறையில் தோல் பதனிடுவதில் இறங்கினார். அதுவரை நம் பக்கத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டைதான். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பில் போட்டால் ஒன்றிரண்டு நாளில் வேலை முடியும், தோலும் தண்ணீரில் சீக்கிரம் அழுகாது. சாட்டர்டன் இந்தத் தோலுக்குத் தேடிய சந்தைகளில் ஒன்று, கிணற்றிலிருந்து கவலை இறைக்கிற சால்! மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் விவசாயிக்கு நீடித்து உழைக்கிற தோல் வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்த முறையைத் தனியார் தொழிலாக வளர்த்தது சேம்பர்ஸ் குடும்பத்தின் குரோம் லெதர் கம்பெனி. கம்பெனியைச் சுற்றி வளர்ந்த பேட்டைதான் குரோம்பேட்டை. சேம்பர்ஸ் காலனி வழியாக நடந்து போயிருக்கிறோமே, அந்தப் பெயரும் இந்தக் கதையிலிருந்து வந்ததுதான்.

அடுத்து வந்தது ரயில். தண்டவாளம் ஏற்கெனவே இருந்தது. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர்கேஜ் பாதையில் மின்சார வண்டி ஓட ஆரம்பித்ததும் ஊரின் ஜாதகமே மாறிப்போனது. ஜார்ஜ் டவுனில் வேலை பார்க்கும் குமாஸ்தா வயல் நடுவே மனை வாங்கி வீடு கட்டலாம், காலையில் சோறு கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போகலாம் என்று ஆயிற்று. ராதா நகர், நியூ காலனி, அஸ்தினாபுரம் என்று இருப்புப் பாதையின் இரு பக்கமும் குடியிருப்புகள் பெருகியது இந்த வசதியால்தான். முதலில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம், 1960-களில் 25,000 வோல்ட் மாறுமின்சாரம். கலாமும் சுஜாதாவும் இங்கே படித்த காலத்தில் இந்த மீட்டர்கேஜ் வண்டிதான். 2004 ஜூலை 1-ஆம் தேதியோடு அது ஓய்வு பெற்றது. எனக்கு அந்த வண்டியில் வரக் கொடுத்து வைக்கவில்லை. சீனியர்கள் சொல்லிக் கேட்டதோடு சரி.

1949-ல் சி. ராஜம் தம் வீட்டை விற்ற பணத்தைப் போட்டு நம் கல்லூரியைத் தொடங்கியபோது, தோல் தொழிலும் மின்சார ரயிலும் இருந்த ஊரில்தான் தொடங்கினார். விமானம், ஆட்டோமொபைல், எலெக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று அந்த நாளில் மற்றவர்கள் தயங்கிய பாடங்களை எடுத்துக்கொண்டார். நமக்கு இது தெரிந்த கதை. காம்பௌண்டு சுவருக்கு வெளியே அதே காலத்தில் என்ன நடந்தது என்பதுதான் தெரியாத கதை.

நடந்தது இரண்டு. ஒன்று தோல் கழிவு. பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் பக்கம் பதனிடும் கூடங்கள் பெருகின. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போடுவார்கள். கழுவும்போது அந்த உப்பும் குரோமியமும் சேர்ந்து மண்ணுக்குள் போகும். கிணற்று நீர் உப்புக் கரித்தது, நிறம் மாறியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக்கிய தீர்ப்பு அது. வேலூர் வழக்கு என்று பேர் இருந்தாலும், உத்தரவு நமது அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்துத் தோல் கூடங்களுக்கும் சேர்த்துத்தான். 90-களில் பல்லாவரத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் வந்தது. ஆனால் நம்மவர்களுக்குத் தெரியும்: குரோமியத்தை வீழ்படிவாக்கிப் பிரித்துவிடலாம், கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பு பிரிக்காது. மண்ணுக்குள் போன உப்பு நிலையம் கட்டியதும் திரும்பி வந்துவிடாது.

இரண்டாவது, ஏரி. இது சத்தமில்லாமல் நடந்தது.

பச்சைமலையில் விழுகிற மழை, கல்பூமி என்பதால், அங்கே அதிகம் இறங்காது, சரிந்து ஓடி வரும். அதைப் பிடிக்க நம் முன்னோர் ஏரிகளை வரிசையாக வெட்டி வைத்தார்கள். சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகச் செம்பாக்கம். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அதன் பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கடல். எலெக்ட்ரானிக்ஸ்காரர்களுக்குச் சொல்வதானால் இது ஒரு சீரியல் சர்க்யூட். எங்கே ஒரு இடத்தில் அடைத்தாலும் அதற்கு மேலே உள்ளவன் வீட்டில் தண்ணீர்.

இந்த வரிசையில் நாம் என்ன செய்தோம்? சிட்லபாக்கம் ஏரி ஆவணப்படி 86 ஏக்கருக்கு மேல். இப்போது இருப்பது ஏறத்தாழப் பாதி. பல்லாவரம் பெரிய ஏரியை துரைப்பாக்கம் ரேடியல் சாலை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. ஏரிக்குப் பாசனம் இருந்தவரை மதகையும் வாய்க்காலையும் பார்த்துக்கொள்ள விவசாயி இருந்தார். வயல் மனையானதும் மதகுக்கு ஆள் இல்லை. முதலில் வீடு, அப்புறம் ரோடு, ரொம்ப நாள் கழித்துப் பாதாளச் சாக்கடை என்பதுதான் எல்லாப் புறநகரிலும் வழக்கம். நடுவில் உள்ள வருஷங்களில் செப்டிக் டேங்க் வழிந்து மழைநீர் வாய்க்காலிலும், அது வழியாக ஏரியிலும் சேரும்.

சிம்பிளாக ஒரு கணக்குப் போடலாம். 40 ஏக்கர் ஏரி போயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் ஆழத்துக்கு அது பிடித்திருக்கக்கூடிய தண்ணீர் சுமார் 16 கோடி லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 13,000 லோடுக்கும் மேல். மழைக்காலத்தில் இந்தத் தண்ணீர் தெருவுக்கு வரும், கோடையில் இதே தண்ணீரை லாரியில் காசு கொடுத்து வாங்குவோம்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்யத் தொடங்கிய மழை, மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 49 கோடி லிட்டர்! நான் அப்போது சிட்லபாக்கத்தில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தேன். ராத்திரி வாசற்படி தாண்டி வந்த தண்ணீர், விடிவதற்குள் முழங்காலுக்கு வந்துவிட்டது. சர்டிபிகேட் ஃபைலைப் பரணில் ஏற்றிவிட்டு, மாடியில் இருந்த பெரியவர் வீட்டில் போய் உட்கார்ந்தோம். அந்த ஊரில் ரொம்ப வருஷமாக இருப்பவர். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "தம்பி, நான் மனை வாங்குறப்ப இது வரப்பு. கலங்கல் தண்ணி இப்படித்தான் போகும். அன்னிக்கே தெரியும், இருந்தாலும் விலை கம்மின்னு வாங்கிட்டேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவராவது தெரிந்து வாங்கினார். நான் அந்த வீட்டைப் பார்க்கப் போனபோது ஸ்டேஷன் எவ்வளவு தூரம், மோட்டார் தண்ணி உப்பா, பைக் நிறுத்த இடம் உண்டா என்றெல்லாம் கேட்டேன். மழைத் தண்ணி எந்தப் பக்கம் போகும் என்று கேட்கத் தோன்றவில்லை. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் நல்ல மார்க் வாங்கியவன் நான்.

தண்ணீர் வடிந்த பிறகு புல வரைபட நகலை வாங்கிக்கொண்டு நண்பர்கள் இரண்டு பேரோடு வாய்க்காலைத் தேடி நடந்தேன். படத்தில் அகலமாகப் போகிற வாய்க்கால், நேரில் ஒரு இடத்தில் சிறிய கல்வெர்ட்டு. அதற்குள்ளேயும் பாதியை யாரோ போட்ட பைப் அடைத்துக்கொண்டிருந்தது. இன்னொரு இடத்தில் வாய்க்காலே இல்லை, கேட்டும் துளசி மாடமும்தான் இருந்தன. அந்த வீட்டுக்காரரும் கடன் வாங்கி, பத்திரம் பதிந்து, வரி கட்டுகிறவர். அவரை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? மனை போட்டவர், அனுமதித்தவர், வாங்கியவர், பார்த்தும் பேசாமல் போனவர் என்று கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் நம்மையும் சேர்க்க வேண்டி வரும். நம் முன்னாள் மாணவர்கள் எத்தனை பேர் வேலைக்குப் போனபின் இந்தப் பக்கமே வீடு வாங்கியிருக்கிறோம்!

நல்ல செய்தியும் இருக்கிறது. சிட்லபாக்கத்துக் குடியிருப்போர் வருஷக்கணக்கில் மனுக் கொடுத்தார்கள், 2019 வறட்சியில் ஏரியில் இறங்கித் தாங்களே தூர் வாரினார்கள். அந்த ஆண்டே அரசு ஏரிச் சீரமைப்புக்கு 25 கோடி ரூபாய் அறிவித்தது. பிறகு கரை பலப்பட்டு நடைபாதையும் வந்தது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம் உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. 2022-ல் பள்ளிக்கரணை ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

ஆனாலும் தண்ணீருக்கு வார்டு எல்லை தெரியாது. சிட்லபாக்கமும் செம்பாக்கமும் புது மாநகராட்சிக்குள் வந்தன. அடுத்த ஏரியான நன்மங்கலம் அதில் சேராமல் ஊராட்சியாக நின்றது. கடைசியில் உள்ள பள்ளிக்கரணை 2011-லேயே சென்னை மாநகராட்சியோடு போய்விட்டது. ஒரே ஓட்டத்துக்கு மூன்று நிர்வாகம். ஒரு ஏரியை அழகாக்கிப் பூங்கா வைப்பது சுலபம், ரிப்பன் வெட்டலாம். இரண்டு ஏரிக்கு நடுவில் உள்ள வாய்க்காலுக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. வெள்ளம் வருவது அங்கேதான்.

அதனால் இந்த மலர் வழியாக ஒரு விண்ணப்பம். இன்ஸ்ட்ருமென்டேஷன் மாணவர்கள் ஃபைனல் இயர் பிராஜெக்டாக இந்த ஏரிகளில் நீர்மட்டம் காட்டும் கருவி வைக்கலாம். நம் கல்லூரிக்கு ட்ரோன் புதிதல்ல. உரிய அனுமதியோடு சிட்லபாக்கம் முதல் நாராயணபுரம் வரை வாய்க்காலைப் படமெடுத்து, மட்டம் குறித்து, மூன்று நிர்வாகத்துக்கும் ஒரே வரைபடமாகக் கொடுக்கலாம். வருஷா வருஷம் செப்டம்பரில், மழைக்கு முன்னால், அதைப் புதுப்பிக்கலாம். முன்னாள் மாணவர் சங்கம் கருவிச் செலவை ஏற்றால் என் பங்கை முதலில் தருகிறேன். சனிக்கிழமை காலையில் கூட நடக்கவும் தயார். இந்த ஊர் தோல் தொழிலுக்குத் தண்ணீர் கொடுத்தது, நமக்கும் நான்கு வருஷம் கொடுத்தது. திருப்பிக் கொடுக்க வேண்டிய கணக்கு ஒன்று பாக்கி இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

அந்த முதலாண்டுத் தம்பிக்கு: ஊர்ப் பெயர்க் காரணம் தெரிந்துகொண்டாய் அல்லவா? நாளைக்கு நீ வீடு பார்க்கப் போகும்போது, மழைத் தண்ணி எந்தப் பக்கம் போகும் என்று மறக்காமல் கேள்.