சீனக் குடும்பத்தின் மங்கல நாள்கள்

சீனக் குடும்பங்கள் கூடிக் கொண்டாடும் நாள்களில் முதலிடம் திருமணத்துக்கு உரியது. குழந்தை பிறந்த முதல் மாத நிறைவு, முதல் ஆண்டு நிறைவு, பெரியவர்களின் அறுபதாம் பிறந்தநாள் ஆகியவை அதையடுத்து வருகின்றன. அரசும் அறிஞர்களும் இவற்றின் வடிவத்தைப் பலமுறை மாற்ற முயன்றனர். ஆயினும் உற்றாரைக் கூட்டி விருந்திடும் வழக்கம் ஈராயிரம் ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது.

பழைய சடங்கு நூலான 'யீலி' திருமணத்தை ஆறு கட்டங்களாக வகுக்கிறது: பெண் கேட்டல், பெண்ணின் பெயர் அறிதல், குறி பார்த்து நற்பலனைத் தெரிவித்தல், பரிசம் அனுப்புதல், நாள் குறித்தல், மாப்பிள்ளை நேரில் சென்று பெண்ணை அழைத்துவருதல். பரிசம் தவிர்த்த ஐந்து கட்டங்களிலும் காட்டு வாத்து காணிக்கையாகச் சென்றது. பருவம் தவறாமல் இடம்பெயரும் பறவை என்பதை உரையாசிரியர்கள் அதற்குக் காரணமாகக் கூறினர். பெண்ணை அந்திப்பொழுதில் அழைத்துவந்தனர். மணமக்கள் ஒரே இறைச்சியைப் பகிர்ந்து உண்டு, ஒரே சுரைக்காயை இரண்டாகப் பிளந்து செய்த கிண்ணங்களில் மது அருந்தினர். மறுநாள் காலை மருமகள் இலந்தைப் பழமும் கஷ்கொட்டையும் கொண்டு மாமனாரை வணங்கினாள். மாமியாருக்கு உலர்த்திய இறைச்சியைப் படைத்தாள்.

அந்தக் காலத்துத் திருமணம் ஆரவாரமற்றது. பெண்ணை அனுப்பிய வீட்டில் பிரிவை எண்ணி மூன்று இரவுகள் விளக்கை அணைக்கலாகாது, மருமகள் வந்த வீட்டில் மூன்று நாள் இசை கூடாது என்கிறது மற்றொரு பழைய சடங்கு நூலான 'லீஜி'. மகனின் மணம் பெற்றோரின் இடத்துக்கு அடுத்த தலைமுறை வருவதைக் குறித்ததால் அதில் துயரமும் கலந்திருந்தது. மக்களோ விருந்தை விடவில்லை. மண வீட்டில் மதுவும் உணவும் வைத்து வாழ்த்துவதைச் சில அதிகாரிகள் தடுத்தபோது, ஹான் பேரரசர் சுவான் கி.மு. 56இல் அத்தகைய கெடுபிடி கூடாதென்று ஆணையிட்டார்.

சோங் காலத் தலைநகரான கைஃபெங்கின் வாழ்க்கையை மெங் யுவான்லாவ் எழுதிவைத்திருக்கிறார். அந்நூலின் முன்னுரை 1147ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மணமகள் பல்லக்கில் வந்ததையும், வண்ண நூலால் பிணைத்த இரு கிண்ணங்களில் மணமக்கள் மது அருந்தியதையும் அதில் காணலாம். அதே நூற்றாண்டில் வாழ்ந்த தத்துவ அறிஞர் சூ ஷியின் பெயரால் வழங்கும் 'குடும்பச் சடங்குகள்' ஆறு கட்டங்களை மூன்றாகச் சுருக்கியது. எளிய குடும்பங்களும் பின்பற்றத்தக்க அந்த முறை கொரியாவுக்கும் பரவியது.

குழந்தை பிறந்து ஒரு மாதம் நிறைந்ததும் உறவினர் கூடுவர். கைஃபெங்கில் நறுமண நீர் நிரப்பிய தொட்டியில் சுற்றத்தார் காசுகளை இட, குழந்தையை நீராட்டி முடி இறக்கினர். செஞ்சாயம் தோய்த்த முட்டைகளை வழங்குவது இன்றும் தொடர்கிறது. முதல் ஆண்டு நிறைவில் குழந்தையின் முன் பொருள்களைப் பரப்பி, அது எதை எடுக்கிறதென்று பார்ப்பர். 6ஆம் நூற்றாண்டில் அறிஞர் யான் சிதுய் இவ்வழக்கத்தைக் குறித்திருக்கிறார்: ஆண் குழந்தைக்கு வில், அம்பு, தாள், எழுதுகோல், பெண் குழந்தைக்குக் கத்தரி, அளவுகோல், ஊசி, நூல்.

பிறந்தநாளைப் பெருவிழாவாக்கியதில் அரண்மனைக்கும் பங்குண்டு. தாங் பேரரசர் சுவான்சோங்கின் பிறந்தநாள் 729இல் நாடு தழுவிய விழாவானது. சீன நாட்காட்டியில் ஆண்டுப் பெயர்கள் அறுபதுக்கு ஒருமுறை சுழன்று வருவதால், அறுபது நிறைந்தவர் ஒரு முழுச் சுற்றைக் கண்டவராகிறார். தமிழரின் அறுபதாம் கல்யாணமும் இதே போன்ற அறுபதாண்டுச் சுழற்சியில் அமைந்ததே. சீன வீடுகளில் அன்று நீண்ட ஆயுளைக் குறிக்கும் நூடுல்ஸும் பீச் பழ வடிவில் அவித்த மாவுப் பண்டங்களும் பரிமாறப்படுகின்றன.

20ஆம் நூற்றாண்டில் அரசின் கை மீண்டும் நீண்டது. 1931இல் நடைமுறைக்கு வந்த குடும்பச் சட்டம், பலரறிய நடக்கும் சடங்கையும் குறைந்தது இரண்டு சாட்சிகளையும் கோரியது. வீண்செலவைக் குறைக்க ஷாங்காய் நகராட்சி 1935 ஏப்ரல் 3 அன்று 57 இணைகளுக்கு ஒரே மேடையில் திருமணம் நடத்தியது. மக்கள் சீனத்தின் 1950ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தை மண ஒப்பந்தத்தையும், திருமணத்தைக் காரணமாக்கிப் பணமோ பொருளோ பறிப்பதையும் தடைசெய்து, பதிவைக் கட்டாயமாக்கியது. பிற்பாடு சீர்வரிசையும் காலத்துக்கேற்ப மாறியது: முதலில் மிதிவண்டி, கைக்கடிகாரம், தையல் இயந்திரம், வானொலி, 1980களில் வண்ணத் தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம்.

இன்று சட்டப்படி மணம் பதிவு அலுவலகத்திலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் மணமக்கள் பெற்றோருக்குத் தேநீர் அளித்து வணங்கி, சிவப்பு உறையில் மொய் பெற்று, உற்றாருக்கு விருந்திட்டு, பெண்வீட்டுக்கு மறுவீடு சென்று வந்த பிறகே குடும்பத்தார் பலர் திருமணம் நிறைவடைந்ததாகக் கருதுகின்றனர்.