காத்து நின்றவரின் கணக்கு

பொருநைக் கரையிலுள்ள ஏரலில் மாலை வேளைகளில் சிறுவர் கைகளில் நாம் காண்பது கிரிக்கெட் மட்டையே. இதே மாவட்டத்துக் கோவில்பட்டியிலோ ஹாக்கி மட்டை தலைமுறைகளாக வேரூன்றியுள்ளது. எவ்வாட்டமாயினும் முன்னே பாய்ந்து புகழ் பெறவே இளையோர் விரும்புவர். பின்னே நின்று தடுக்க விழைவோர் சிலரே. அப்பணியை ஏற்ற தமிழர் ஒருவரை இங்கு நினைவுகூர்வோம்.

வாசுதேவன் பாஸ்கரன் 1950-இல் பிறந்தவர்; சென்னை இலயோலா கல்லூரியில் பயின்றவர். எதிரணியின் தாக்குதலை இடைமறித்து, பந்தைத் தம் முன்னணியினருக்கு அனுப்பும் 'ஹாஃப் பேக்' நிலையில் ஆடியவர். 1976-இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. புல்தரையில் பழகிய இந்தியா ஏழாம் இடத்திற்குச் சரிந்தது. 1928 முதல் அறுபடாதிருந்த பதக்க வரிசை அங்கே அறுந்தது. அத்தோல்வியைச் சுமந்து திரும்பியவர்களுள் பாஸ்கரனும் ஒருவர்.

நான்கு ஆண்டுகளுக்குப்பின் மாஸ்கோவில் அவரே அணித்தலைவர். ஆப்கானிஸ்தான் படையெடுப்பைக் கண்டித்துப் பல நாடுகள் வராததால் ஆறு அணிகளே ஆடின. எனவே அவ்வெற்றி எளிது என்பாரும் உளர். ஆயினும் ஜூலை 29 அன்று நடந்த இறுதி ஆட்டம் எளிதாயிருக்கவில்லை. இந்தியா மூன்று கோல்கள் முன்னணியில் இருந்தும், ஸ்பெயினின் யுவான் அமாட் அடுத்தடுத்து இரண்டு கோல்கள் அடித்தார். முகமது ஷாகித் நான்காவது கோலைச் சேர்க்க, அமாட் மீண்டும் ஒன்றை அடித்தார். எஞ்சிய ஒரே கோல் இடைவெளி இறுதிவரை காக்கப்பட்டது. 4-3. இந்தியாவின் எட்டாவது ஹாக்கித் தங்கம் அது. கோலடித்தோர் பட்டியலில் சுரிந்தர் சிங் சோதி, கௌசிக், ஷாகித் உள்ளனர். தலைவரின் பெயர் இல்லை.

2000-இல் சிட்னியில் அவர் பயிற்சியாளர். போலந்தை வென்றால் அரையிறுதி. ஒரு கோல் முன்னணியில் இருந்த இந்தியா, ஆட்டம் முடியச் சில மணித்துளிகளே இருக்கையில் சமன் செய்யப்பட்டு வெளியேறியது. காவல் என்பது இறுதி ஊதல்வரை என்பதை அவரைவிட நன்கு உணர்ந்தவர் யார்?

மாஸ்கோவுக்குப்பின் ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கம் ஒன்றுக்கு இந்தியா 2021 வரை, 41 ஆண்டுகள், காத்திருந்தது.

அடித்த கோலுக்குக் கணக்கேடு உண்டு. தடுத்த கோலுக்கு இல்லை. குடும்பத்திலும் ஊரிலும் வரவிருந்த கேட்டைத் தடுத்தவர்களை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அக்கேடு வாராததால் அவர்கள் உழைப்பும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வெற்றி பெற்று வரும் பிள்ளைகளிடம் கோலடித்தவன் யாரென்று கேட்கும் நாம், இனிக் காத்து நின்றவன் யாரென்றும் கேட்போம்.